மூவாயிரம் ரூபாய் எதிரொலி

பழைய கிடார் பெடல் தேடிச் சேர்க்கிறவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏராளம். எங்கள் தெருவில் ஒரே ஒருவன். அது அடியேன்தான்! கிடார் வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள் நண்பர்களே. நான் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. எனக்குப் பெட்டிக்குள்ளே இருப்பதுதான் சங்கதி.

என்னிடம் இருப்பது பாஸ் டி.எம்.2. 1981 முதல் 1984 வரை ஜப்பானில் செய்தது. கையடக்கமான பெட்டி. காலால் அழுத்திவிட்டு வாசித்தால், வாசித்த சுரம் கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வரும். எதிரொலி!

அப்பா மைக் செட் வேலை பார்க்கிறார். இன்னிசைக் குழுவில் வாசித்த ஒரு பெரியவர் இதை விற்கிறார் என்று அவர்தான் சொன்னார். விலை 3,000 ரூபாய். லீவில் அப்பாவோடு குழாய் ஸ்பீக்கர் கட்டிச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. ஆனால் அம்மா சித்தாள். அவங்களுக்கு அது ஒரு வாரக் கூலி.

"எதுக்குடா இந்தப் பழைய டப்பா?"

வகுப்பில் படித்ததை வீட்டில் சொல்ல இதுவரை எனக்கு வாய்த்ததில்லை. அன்று சொன்னேன். "தளம் போடறப்ப கலவைச் சட்டியைக் கை மாத்திக் கை மாத்தி மேல அனுப்புவீங்களே, அதேதாம்மா. உள்ளே ஒரு ஐ.சி. இருக்கு. 4,096 படி. சத்தத்தை ஒரு படி அடுத்த படிக்குக் கொடுக்கும். கடைசிப் படிக்குப் போய்ச் சேர்ற நேரம்தான் எதிரொலி."

அம்மா யோசித்தார். "அத்தனை கை மாறினா வழியில கொஞ்சம் சிந்துமே?"

அசந்துவிட்டேன். அதுதானே விஷயம்! 1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டரும் டீரும் உருவாக்கிய இந்த முறைக்குப் பெயரே 'பக்கெட் பிரிகேட்', வாளி வரிசை. ஒவ்வொரு வாளியும் ஒரு கெப்பாசிட்டர். மின்னூட்டம் கசியத்தான் செய்யும். கணக்கும் போட்டுப் பாருங்கள்: படிகளை கிளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம். 300 மில்லி செகண்டுக்கு கிளாக் சுமார் 6,800 ஹெர்ட்ஸ்தான். அதில் பாதிக்கு மேலான ஒலியை வடிகட்டியாக வேண்டும். ஆகவே எதிரொலி டெலிபோன் குரல் மாதிரி மங்கி, திரும்பத் திரும்ப வரும்போது இன்னும் மங்கிக் கரையும். டிஜிட்டலில் அச்சு அசலாக வரும். இந்த மங்கலுக்குத்தான் உலகம் பணம் கொடுக்கிறது.

வாங்கும்போது 9 வோல்ட் பேட்டரியும் ஸ்க்ரூ டிரைவரும் கையோடு எடுத்துப் போனேன். அடித்தகட்டைக் கழற்றி ஐ.சி.யைப் பார்க்க வேண்டும். முதலில் வந்த டி.எம்.2-களில் எம்.என்.3005, பிறகு வந்தவற்றில் எம்.என்.3205. யாராவது பிடுங்கி விற்றிருந்தால் மிச்சம் வெறும் தகரம். இதில் 3005 பத்திரமாக இருந்தது. வெளிநாட்டில் இதற்குப் பல மடங்கு விலை என்று பெரியவரிடமே சொன்னேன். "அங்க போய் யாருப்பா விப்பா, நீ எடுத்துக்க" என்றார்.

இரைச்சல் நிறைய. இரண்டு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் மாற்றியதும் அடங்கியது. கிடார் இல்லாததால் அப்பாவின் மைக்கை மிக்சர் வழியாகக் கொடுத்தோம். அப்பா "ஹலோ மைக் டெஸ்ட்" என்றார். அவர் குரல் மூன்று முறை தேய்ந்து மறைந்தது. அம்மா, "சிந்துது பாரு, சிந்துது பாரு" என்று சிரித்தார்.

அடுத்து எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பழைய டீலக்ஸ் மெமரி மேன் தேடுகிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஆனால் திறந்து பார்க்க விடணும்!