காய்ச்சலைச் சொல்லும் தெரு

3 ஏப்ரல் 2020, வெள்ளி

கொரோனா ஊரடங்கில் ஜும்ஆ இல்லாத வெள்ளி. எங்கள் திண்டுக்கல் பேகம்பூரில், ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் பள்ளிவாசலின் கதவு சாத்தியிருக்கிறது. தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை அடுப்படி வரைக்கும் வருகிறது.

அத்தாவுக்கு மனசு ஆறவில்லை. "நோய்க்குப் பயந்து ஜமாஅத்தை நிறுத்தலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்த வரலாற்றைத்தான் நினைவுபடுத்தினேன். ஏழாம் நூற்றாண்டில் கலீஃபா உமர் சிரியாவுக்குப் போகிறார். அங்கே கொள்ளைநோய் என்று வழியிலேயே சேதி வருகிறது. திரும்பிவிடுகிறார். இறைவன் விதித்ததை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா கேட்கிறார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தானே போகிறோம் என்பது உமரின் பதில். நோய் இருக்கும் ஊருக்குள் போகவும் வேண்டாம், நோய் கண்ட ஊரைவிட்டு வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியும் அப்போதுதான் அவருக்குச் சொல்லப்படுகிறது. அத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஒளூ செய்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்.

9 ஏப்ரல்

நம் பக்கத்து நோயாளிகளைக் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். இரவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்த வீடு என்று தெரு முழுக்க விழித்துக்கொள்கிறது.

வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த பெண், காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இல்லைங்க." உண்மையிலேயே இல்லாத வீடுகள் பல. பயத்தில் சொன்ன வீடுகளும் இருக்கும். டி.வி.யில் டெல்லி தப்லீக் மாநாட்டால்தான் நோய் பரவியது என்று நாள் முழுக்க ஒரே பேச்சு. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று முதல்வர் பழனிசாமியே சொல்லிவிட்டார். இருந்தும் பேகம்பூர் என்று சொன்னதும் நாலடி தள்ளி நிற்கிறார்கள்.

எனக்கு இதில்தான் ஆத்திரம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இந்தக் கிருமி அடுத்தவருக்குப் போய்விடுகிறது. அப்படியிருக்க, முதல் தொண்டை வலியிலேயே ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் வீட்டிலிருக்கும் நன்னி பிழைப்பார். சொன்னால் அவமானம் என்று ஆக்கிவிட்டால் யார் சொல்வார்? ஒரு தெருவைக் கேவலப்படுத்துகிறவன் தன் வீட்டுக்கும் சேர்த்தே நோயை அழைத்துக்கொள்கிறான்.

24 ஏப்ரல்

நாளை முதல் நோன்பு. தராவீஹ் வீட்டில்தான். கஞ்சிக்கு அரசு தரும் பச்சரிசி இந்த வருஷம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆளுக்கொரு தூக்குவாளியோடு பள்ளிவாசலில் நெருக்கியடித்து நிற்க முடியாதே.

7 ஜனவரி 2025

சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. என்று செய்தி. அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊரடங்கு வந்துவிட்டது. இது புதுக் கிருமியே இல்லை. நெதர்லாந்தில் 2001-லேயே கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோருக்குச் சளி, காய்ச்சலோடு போய்விடும். கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொரோனா நாளில் கையைக் கழுவிக் கழுவித் தோலே உரிந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னவர்கள் குறைவு. மூடிய அறையில் மூச்சுக்காற்றிலேயே கொரோனா மிதந்து பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ளவே 2021 ஆனது. கை கழுவுவதை விட வேண்டாம். ஆனால் இருமுகிறவர் மூக்கும் வாயும் மூட முகக்கவசம் போடட்டும். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மாலையில் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தாள்: "லாத்தா, தம்பிக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். நாலு நாளைக்கு ஓதவும் அனுப்பல, பள்ளிக்கூடமும் அனுப்பல. நன்னிகிட்ட வராம பாத்துக்கறேன்." தெருவில் போன இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ஒருவர் நின்று, டாக்டரிடம் காட்டியாச்சா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்து, குத்பா நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தாமல் வைக்கும்படி கேட்கச் சொல்லி அத்தாவை அனுப்ப வேண்டும்.