லைமா பள்ளிக்கூடத்துப் பாட்டு

ஏப்ரல் 13, 2010, செவ்வாய். கொலம்பஸ், ஒஹையோ.

டிசம்பரில் விட்ட இடத்திலிருந்து இன்று 'க்ளீ' தொலைக்காட்சித் தொடர் திரும்பி வந்தது. இந்த நாலு மாதத்தில் அதன் அந்தஸ்து ஏறிவிட்டது. ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கியது. போன வாரம் வெள்ளை மாளிகை ஈஸ்டர் விழாவில் போய்ப் பாடியது. இப்போது ஃபாக்ஸ் சேனலில் 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டி முடிந்த சூட்டோடு செவ்வாய்க்கிழமை மேடை. பள்ளி கொயரில் ஆல்டோ பாடும் என் மகள் எட்டு மணிக்கே இடம் பிடித்துவிட்டாள். "அம்மா, நடுவுல பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

கதை எங்கள் மாநிலத்தில், லைமா என்ற ஊரின் பள்ளிப் பாட்டுக்குழுவில் நடக்கிறது. லைமா இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். படமெடுப்பதோ லாஸ் ஏஞ்சலிஸில். ஒஹையோவின் குளிர் மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் ஷோ கொயர் என்பது கட்டுக்கதை இல்லை. பாடிக்கொண்டே ஆடும் பள்ளிக் குழுக்கள் இந்தப் பக்கத்து மாநிலங்களில் நிறைய உண்டு. போட்டியும் உண்டு, பொறாமையும் உண்டு. தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவரான இயன் பிரென்னன் இலினாயில் ஒரு பள்ளியில் இப்படிப் பாடியவர்தான். முதலில் சினிமாவாக எழுதினாராம். ரயன் மர்ஃபியும் பிராட் ஃபால்ச்சக்கும் சேர்ந்த பிறகு தொடராகியிருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று பாடுவதைத் தமிழ் சினிமா பார்த்த நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம், இங்கே நடிப்பவரே பாடுகிறார். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் கேமரா முன்னால் தன் குரலுக்கே வாயசைக்கிறார்.

இன்றைய அத்தியாயம் எனக்கு ஒட்டவில்லை. வாத்தியார் ஷூஸ்டர் பலகையில் 'ஹலோ' என்று எழுதி, அந்தச் சொல் வருகிற பாட்டாகக் கொண்டுவரச் சொல்கிறார். ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். கதை ஓரமாக நின்று வழிவிட்டது.

ஏப்ரல் 20, செவ்வாய்.

முழுக்க மடோனா. பையன்கள் பெண்களை மட்டமாக நடத்துகிறார்கள், அதற்கு மருந்து மடோனா என்று ஒப்புக்கு ஒரு காரணம். சியர்லீடர் பயிற்சியாளர் ஸூ சில்வெஸ்டராக வரும் ஜேன் லின்ச், மடோனாவின் 'வோக்' வீடியோவை ஒவ்வொரு காட்சியாக நகலெடுத்ததற்கு மகள் கைதட்டினாள். நானும் சிரித்தேன். அந்தப் பயிற்சி உடையும் அந்தத் திமிரும் இல்லாவிட்டால் இந்தத் தொடரை எப்போதோ விட்டிருப்பேன்.

ஏப்ரல் 29, வியாழன்.

மடோனா பாட்டுகளின் க்ளீ இசைத்தட்டு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடமாம். இனி யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

பழைய 13 அத்தியாயங்களின் டிவிடியை எடுத்து ஒன்பதாவதை மறுபடி போட்டேன். 'விக்கெட்' நாடகத்தின் 'டிஃபையிங் கிராவிட்டி' என்ற பாட்டு. பெண் பாடும் பாட்டு என்று வாத்தியார் அதை ரேச்சல் என்ற மாணவிக்குக் கொடுத்துவிடுகிறார். அதே குழுவில் பாடும் கர்ட் என்ற பையனுக்கு மனது ஆறவில்லை. அவன் அப்பா பர்ட் கார் மெக்கானிக். பேஸ்பால் தொப்பி, பிளானல் சட்டை, பாட்டென்றால் என்னவென்று தெரியாது. அவர் பள்ளிக்கே போய், என் பையனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று சண்டை போடுகிறார். போட்டி வைக்க ஒப்புக்கொள்கிறார்கள். மறுநாள் மெக்கானிக் கடைக்குப் பெயர் சொல்லாத ஒரு போன் வருகிறது, மகனைப் பற்றி ஒரே ஒரு கேவலமான சொல். அப்பாவின் முகத்தைப் பையன் பார்த்துவிடுகிறான். போட்டியில் அந்த உச்ச ஸ்வரத்தை வேண்டுமென்றே நழுவவிடுகிறான். எட்டக்கூடிய ஸ்வரம்தான். தனக்கு வரும் வசையைத் தாங்கிப் பழகிவிட்டான். அது அப்பாவுக்கு வருவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கர்ட்டாக நடிக்கும் கிறிஸ் கோல்ஃபரின் சொந்தக் கதையும் இதில் கலந்திருக்கிறது. பையன் என்பதால் இதே பாட்டைப் பள்ளியில் பாட அவருக்கு அனுமதி மறுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயத்தில் கதையே கிடையாது. மடோனா பாட்டுகளில் எதை வேண்டுமானாலும் உருவி வேறொன்றைச் செருகலாம், யாருக்கும் தெரியாது. போன வருஷத் தொடருக்கும் திரும்பி வந்ததற்கும் நடுவே எனக்குத் தெரியும் வித்தியாசம் இதுதான்.

பிப்ரவரி 17, 2011.

பில்போர்டின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் எல்விஸ் பிரெஸ்லியின் 108 பாட்டுகள் என்ற கணக்கை க்ளீ குழு தாண்டிவிட்டது. எல்விஸ் இரண்டு தலைமுறைக்குப் பாடினார். இவர்களுக்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பெரும்பாலான பாட்டுகள் ஒரு வாரம் பட்டியலில் தலைகாட்டிவிட்டு இறங்கிவிடுகின்றன, அதுவும் ஒரு கணக்குத்தான். வாரத்துக்கு ஐந்தாறு பாட்டு விற்கலாம் என்றால் எந்தக் கதாசிரியர் மூன்றோடு நிறுத்துவார்? மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது கதை. மகளிடம் சொன்னேன். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கம்மா" என்றாள். அவள் கொயரில் இந்த வருஷம் ஆண் குரல்கள் கூடியிருக்கின்றன என்றும் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் 10, 2013, வியாழன்.

க்ளீயில் நாயகன் ஃபின்னாக நடித்த கோரி மான்டீத் ஜூலையில் வான்கூவர் ஹோட்டல் அறையில் இறந்துபோனார். ஹெராயினும் மதுவும். வயது 31. இன்று ஃபின்னுக்கு அஞ்சலி அத்தியாயம். ஃபின் எப்படி இறந்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை, சொல்ல மறுத்ததே சரி. குழுவில் சான்டானாவாக வரும் நயா ரிவேரா பாட ஆரம்பித்து, நடுவே முடியாமல் கத்திவிட்டு ஓடுகிறாள். ரேச்சலாக வரும் லியா மிஷெல் நிஜ வாழ்க்கையில் கோரியைக் காதலித்தவர். அவர் நின்று பாடிய மூன்று நிமிஷத்தில் நடிப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மரணத்தைப் படமாக்கி விற்கலாமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. பார்த்த பிறகும் இருக்கிறது. ஆனாலும் எத்தனையோ அத்தியாயத்துக்குப் பிறகு பாட வேண்டியிருந்ததால் பாடினார்கள்.

மார்ச் 20, 2015, வெள்ளி.

முடிந்தது. ஒரு காலத்தில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி முடிந்த கையோடு இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்த தொடர். இந்த ஜனவரியில் அதன் ஆறாவது பருவம் தொடங்கியபோது பார்த்தவர்கள் இருபது லட்சத்துச் சொச்சம். கடைசி நாளின் முதல் மணி நேரம் 2009க்கே திரும்பிப் போனது. முதல் அத்தியாயத்தில் அவர்கள் பாடிய 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' காட்சியை அப்படியே போட்டார்கள். ஃபின் உயிரோடு, இளசாக. தங்களுடைய நல்ல சரக்கு எது என்று அவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

மகள் இப்போது கல்லூரி விடுதியில். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, தன் பெண் கேட்கிறாளாம், 121 அத்தியாயமும் பார்க்கலாமா என்றார். வேண்டாம் அக்கா, முதல் 13 பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அந்த அஞ்சலி அத்தியாயம், அது போதும் என்றேன்.