எதை எடுத்தார்கள்?

சங்கப் பாடல்களில் வரும் சூல் கொண்ட மேகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்துவேன். என் உடம்பில் சினைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால், 46 வயதுவரை சரியாகச் சொல்லியிருக்கமாட்டேன். சென்ற செமஸ்டரில், நான் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே, முதலாமாண்டு உயிரியல் வகுப்பின் கடைசி பெஞ்சில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன்.

செல், திசு என்று நகர்ந்து பாடம் உறுப்புகளுக்கு வந்தது. ஆசிரியை கருப்பையைப் பலகையில் வரைந்தார். மூடிய கை அளவுதான். இரு பக்கமும் வாதுமைக்கொட்டைபோல இரண்டு சினைப்பைகள். கருப்பையை எடுத்தால் மாதவிடாய் நிற்கும். மாதவிடாய் நிற்காத வயதில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறையும். உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும், எலும்பு வலுவிழக்கும்.

எழுதிக்கொண்டிருந்த என் பேனா நின்றது. அம்மாவுக்கு 38 வயதில் "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்றார்கள். கையெழுத்துப் போட்டது அப்பா. அதன்பின் மார்கழிக் குளிரிலும் நடுராத்திரி எழுந்துபோய்க் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். பைத்தியம் என்றது வீடு. நானும் சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு போனில் அம்மாவிடம் பாடத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "எனக்கு அதையும் எடுத்தாங்களான்னு ஆஸ்பத்திரிக் காகிதத்துல இருக்குமாடி?"

72 வயதில், தன் உடம்பைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பரணில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியில் அந்தக் காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.