கைக்கும் காலுக்கும் கொஞ்சம் சூடு

தேனிக்காரர்களிடம் போய் "கையைச் சூடாக்கும் பை வேண்டுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் சித்திரை வெயிலுக்குத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஒதுங்குகிற ஊர்க்காரர்களிடம் இதைக் கேட்டால் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் மார்கழி மாதம் விடியற்காலையில் போடியிலோ கம்பத்திலோ ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இருட்டிலேயே வந்து நிற்பார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. பக்கம் திறந்த ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்று மூன்று வழியாகவும் மலை ஏறுவார்கள். பூப்பாறை, சாந்தம்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று வேலை இடங்கள் எல்லாம் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன.

1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம். போடியிலிருந்து மெட்டுக்கு ஏற்றமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதோடு ஜீப்பின் காற்று, அதற்கு மேல் ஈரம். ஏலச் செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். காய் பறிப்பவர் அந்த நிழலில், நனைந்த மண்ணில், செடியின் தூர்ப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பறிக்க வேண்டும். காய் தரையை ஒட்டிய சரத்தில்தான் இருக்கும். பழுத்ததை எடுத்து இளசை விட்டுவைக்க வேண்டும். விரல் மரத்துப் போனால் இந்த வேலை நடக்காது, கங்காணியின் சத்தம்தான் கேட்கும்.

குளிரில் கையும் காலும் முதலில் விறைப்பதற்குக் காரணம் உண்டு. உடம்புக்கு இதயம், மூளை, வயிறு இவற்றின் சூடுதான் முக்கியம். குளிர் தாக்கியதும் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கழுத்தையும் நெஞ்சையும் நன்றாக மூடினால் விரலும் கொஞ்சம் சூடாகிறது. கையுறை வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்குவது லாபம்.

இனி கடைச் சரக்குக்கு வருவோம். ஜப்பானில் 1923-லேயே ஹக்கின் என்ற உலோகக் கைச்சூட்டுப் பெட்டி வந்துவிட்டது. பென்சின் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டுத் தீ இல்லாமல் எரியும். அதே நாட்டில் 1978-ல் ஹோகரோன் என்று ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பை வந்து பெரிய வியாபாரமானது. உள்ளே இருப்பது இரும்புத் தூள், உப்பு, தண்ணீர், கரித்தூள் மாதிரியான சாமான்கள்தான். உறையைப் பிரித்ததும் காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துருவில் சூடு வரும். வீட்டு ஜன்னல் கம்பியில் வருஷக்கணக்கில் நடப்பதை ஒரு பகலில் நடத்திக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான் :)

இன்னொன்று சோடியம் அசிடேட் பை. உள்ளே இருக்கும் சின்ன உலோகத் தகட்டை 'டிக்' என்று மடக்கினால் திரவம் கட்டியாகிச் சூடு தரும். அரை மணி, கூடிப்போனால் ஒரு மணி நேரம். ஆறியதும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி தயார். இப்போது பேட்டரியில் ஓடுவதும் கிடைக்கிறது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. இரும்புத் தூள் பை தினமும் வாங்க வேண்டிய மாறும் செலவு. தினக்கூலி வாங்குபவர் தினமும் ஒரு ஜோடி பிரித்துப் போட முடியாது. அசிடேட் பை ஒரு தடவைச் செலவு. வெந்நீருக்கு டீக்கடை பாய்லர் இருக்கவே இருக்கிறது. ஆனால் பறிக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும், பையை எங்கே பிடிப்பது? ஜீப் பயணத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும்தான் உதவும். இரும்புப் பைக்குக் காற்று வேண்டும் என்பதால் நனைந்தால் வீண், ரப்பர் பூட்ஸுக்குள் திணித்தாலும் சரியாகச் சூடேறாது. காலுக்கென்று தனியாகச் செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

நம் ஊரில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் முடிந்து கொடுக்கிற ஒத்தடம் என்ன? அதுவும் தூக்கிக்கொண்டு போகிற சூடுதான். மலையில் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடிக்கிற வரக்காப்பி கிளாஸும் அந்த ஜாதிதான். காஷ்மீரில் காங்கிரி இருக்கிறது: பிரம்புக்கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கங்கு. பெரன் என்ற நீள அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டு அடிவயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதை டாக்டர் எல்ம்ஸ்லி 1866-லேயே எழுதிவிட்டார்.

சூடு என்றால் நல்லதுதானே என்று விட்டுவிட முடியாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு வெந்நீர்ப் பையே ஆபத்து. தொட்டால் இதமாகத் தெரிகிற சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலைச் சுட்டுவிடும், அவர்களுக்கு அது தெரியாது. புண் ஆறாமல் விரலை எடுக்கிற வரைக்கும் போகலாம். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களில் வயதானவர்கள் நிறைய. அவர்கள் பையைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும், தூங்கும்போது எடுத்துவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டி வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 2024-ல் கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ கரி அடுப்பை வைத்துத் தூங்கிய சுற்றுலா இளைஞர்கள் இறந்து போனார்கள்.

இந்தச் செலவை யார் ஏற்பது? 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுக்கு அதில் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். பிற்பாடு ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆட்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் கணக்காக இருந்தது. ஏலக்காட்டில் சின்னத் தோட்டங்கள் ஏராளம். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு ஒரு தோட்டம் என்று ஜீப்பில் போய் இறங்குகிற ஆட்களுக்கு யார் முதலாளி, எந்தக் கம்பளி?

சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து முந்தல் வந்ததும் கீழ்க்காற்று வெதுவெதுப்பாக முகத்தில் அடிக்கும். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று டிரைவரிடம் கேட்பார்கள்.