பரண் மேல் ஒரு சொட்டு

மோட்டார் ஹோம் என்பது பாதி வேன், பாதி வீடு. ஆகவே வேனுக்கு வரும் ரிப்பேரும் வரும், வீட்டுக்கு வரும் ரிப்பேரும் வரும். அமெரிக்காவில், ஓஹையோவில் இருக்கும் என் அத்தான் இப்படி ஒன்றை ஆறாயிரம் டாலருக்கு வாங்கினார். 1994 மாடல். அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம், டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. ஜூனில் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் போவதாகத் திட்டம். ஏப்ரலில் அக்காவைப் பார்க்கப் போன நான் மாட்டிக்கொண்டேன்.

பரணில் ஏறிப் படுத்தால் ஊறிய நியூஸ் பேப்பர் வாசனை. ஆனால் சுவர் பளபளவென்று புதுசு. முப்பது வருஷ வண்டியில் அந்த ஒரு சுவருக்கு மட்டும் என்ன மாப்பிள்ளைக் கோலம்? நான் பி.காம். கணக்குப் புத்தகத்தில் ரொம்பச் சுத்தமாக இருக்கிற பக்கத்தை முதலில் சந்தேகப்படுவது எங்கள் ஜாதகத்திலேயே உண்டு. திருப்புளியால் குத்தினேன். கேசரியில் ஸ்பூன் இறங்குகிற மாதிரி இறங்கியது.

இந்த வண்டிகளில் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் மர ரீப்பர்கள். தகடுகள் சேரும் ஓரங்களில், ஜன்னலைச் சுற்றி, கூரை விளிம்பில் பசை வைத்து அடைத்திருப்பார்கள். அந்தப் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் மழைத்தண்ணீர் நுழையும். ஓஹையோ குளிரில் அது ஐஸாகி உப்பும். வெடிப்பு இன்னும் பெரிதாகும். தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, கறை தெரிகிற இடம் வேறு!

மரம் மக்குவதை இங்கிலீஷில் 'ட்ரை ராட்' என்கிறார்கள். பெயர் வைத்தவர் யாரோ, பெரிய குசும்பர். மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பட்டினிதான்.

அத்தான் ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொன்னார். "நம்ம ஆபீஸ்ல புதுசா வந்த மதுரைப் பையன் இந்த வண்டியக் கேட்டான். மேல ஒரு புதுப் பலகை ஒட்டி, அவனுக்கே தள்ளிரலாமாடா?"

அவருக்கு விற்றவனும் அதைத்தானே செய்திருந்தான்! ஆறாயிரம் டாலர் என்பது அவருக்குச் சும்மா வந்த பணமும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா தோசைக்கல்லிலிருந்து திரும்பாமல், "அவன் பொண்ணுக்கு அஞ்சு வயசுங்க. மேலதான் படுக்கணும்னு அடம் பிடிக்கும்" என்றாள்.

அத்தான் ரெண்டாவது தோசையைத் தொடவில்லை. எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்தார்.

பலகையைப் பிய்த்ததும் ரீப்பர்கள் காப்பிப்பொடியாகக் கொட்டின. நல்ல மரம் வருகிற வரைக்கும் அறுத்துத் தள்ளினோம். அவசரப்பட்டுப் புது மரம் வைத்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. ஃபேன் போட்டு ஒன்பது நாள் காயவைத்தோம். பிறகு பழைய ரீப்பர் பக்கத்திலேயே புது ரீப்பரை ஒட்டி, ஸ்க்ரூ முடுக்கினோம். வெளியே ஓரப்பட்டிகளைக் கழற்றி, காய்ந்த பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் ஒட்டி, துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் திரும்ப மாட்டினோம். கண்ட இடத்தில் சிலிக்கானைப் பிதுக்கக் கூடாது. அப்புறம் அதன் மேல் வேறு எதுவுமே ஒட்டாது. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் பிதுக்கியிருந்தார். அதைச் சுரண்டவே எனக்கு ரெண்டு நாள்.

கடைசியில் ஹோஸ் பரீட்சை. தண்ணீரைக் கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே அடிக்க வேண்டும். மேலேயிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து, திருடன் யாரென்றே தெரியாது. அக்கா மகள் டார்ச்சோடு பரணில் படுத்திருந்தாள்.

"மாமா... ஒரு சொட்டு!"

முன் நெற்றியில் வரிசையாக அஞ்சு குட்டி மஞ்சள் விளக்குகள். நடு விளக்கின் அடிப்பசை போயிருந்தது. இத்தனை மரத்தைத் தின்றதில் அதற்கும் பங்கு உண்டு. அஞ்சையும் கழற்றிப் புது டேப் வைத்தோம். மறுபடி அரை மணி நேரம் ஹோஸ். உள்ளே காய்ந்திருந்தது.

மதுரைப் பையனுக்கு அத்தான் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி பலத்த மழை என்று டிவியில் சொன்னார்கள். அத்தான் தலையணையோடு வண்டிக்குள் படுக்கப் போனார். அக்கா என் கையில் ஒரு குடையைக் கொடுத்து, "எதுக்கும் அவர்ட்ட குடுத்துட்டு வாடா" என்றாள்.