குஸ்கோவில் சொல்லாமல் விட்ட தலைவலி

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு கல்லூரி மாணவி. "டாக்டர், இருபது பேர் சேர்ந்து பெரு போறோம். குஸ்கோ, மச்சு பிச்சு எல்லாம். தலைசுத்தலுக்கு என்ன மாத்திரை எடுத்துட்டுப் போகணும்?"

ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனா குஸ்கோன்னு கேட்டாலே எனக்கு ஒரு ஹாஸ்டல் பாத்ரூம் வாசல்தான் ஞாபகம் வரும். அதனால இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அப்போ நான் லண்டனில் மருத்துவம் மூணாம் வருஷம். பல்கலைக்கழக மாணவர்கள் பதினாலு பேர் இன்கா இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். தமிழ் பேசுறவங்க நானும் என் அறைத்தோழனும் மட்டும். அவன் தொல்லியல் மாணவன். சாந்தே இல்லாமல் கல்லோடு கல்லை இன்காக்கள் எப்படிப் பொருத்தினாங்க என்பதுதான் அவனோட ஆய்வுக் கட்டுரை. ரெண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் கடையில் வேலை பார்த்து டிக்கெட்டுக்குச் சேர்த்தவன். மாரத்தான் ஓடுற உடம்பு.

லீமா கடலோர ஊர். அங்கிருந்து விமானத்தில் ஒண்ணேகால் மணி நேரத்தில் குஸ்கோ, 3400 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறையுது. குஸ்கோவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்கு. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் மூணில் ஒரு பங்கு ஆக்சிஜன் கம்மி. இதுக்குப் பழக உடம்புக்கு நாள் வேணும். ஃபிட்னஸ் இங்கே காப்பாத்தாது.

நாங்க நாள் கொடுக்கலை. மதியம் இறங்கினோம், சாயங்காலமே ஊருக்கு மேலே இருக்கிற சக்சைவாமானுக்கு ஏறிட்டோம். கிட்டத்தட்ட 3700 மீட்டர். நூறு டன்னுக்கு மேல் எடை சொல்லப்படும் கற்கள், நடுவில் கத்தி நுழையாத பொருத்து. அவன் ஒவ்வொரு கல்லையும் காட்டி வகுப்பே எடுத்தான்.

ராத்திரி தலைவலி, ஒரு வாந்தி. "லீமாவில் சாப்பிட்ட மீன் ஒத்துக்கலைடா" என்றான். குழுத் தலைவி என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பி தமிழில் சொன்னான்: "மச்சான், சொல்லிடாத. விட்டுட்டுப் போயிடுவாங்க. மச்சு பிச்சு பார்க்காம நான் ஊருக்கு வரமாட்டேன்." பக்கத்தில் நின்ன யாருக்கும் புரியலை. நான் அவங்ககிட்ட, "வயிறு சரியில்லையாம்" என்றேன்.

மருத்துவ மாணவன் நான். உயரத்துக்கு வந்த முதல் நாள் தலைவலி, கூடவே வாந்தி, அசதி. வேறு காரணம்னு உறுதியாகும் வரை அது மலை நோய்தான். புத்தகத்தில் படிச்சது. ஆனா அந்த நேரத்தில் எனக்கு அவன் நோயாளி இல்லை, மச்சான்.

இப்யூபுரூஃபன் கொடுத்தேன். காலையில் வலி குறைஞ்சிருந்தது. மாத்திரை மேல் தப்பில்லை. வலி குறைஞ்சதை வச்சு, சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணி அவனைத் திரும்பவும் ஏறவிட்டதுதான் தப்பு. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. இந்த ஒண்ணை மட்டுமாவது மனசில் வச்சுக்கோங்க.

ரெண்டாம் நாள் பிசாக். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல் வரப்புகள். மேலே இன்காக்களின் கல் கட்டடங்கள், சாந்து இல்லாத அதே பொருத்து. அவன் பேசவே இல்லை. கல்லைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டிருக்கிற ஆள் இல்லை அவன். களைப்புன்னு நினைச்சேன். இன்னிக்கு அதைத்தான் முதல் ஆபத்து அறிகுறின்னு சொல்லுவேன். தூங்க மறுபடி குஸ்கோவுக்கே வந்தோம்.

ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். செருப்பை மாட்டத் தெரியலை. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பினான்.

எங்க வழிகாட்டி அம்மாவை எழுப்பினேன். கெச்சுவா பேசுற, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவங்க. தரையின் ஓட்டு வரிசையைக் காட்டி, ஒரு கால் விரலுக்கு முன்னால் மறு கால் குதிகாலை ஒட்டி வச்சு நடன்னு சொன்னாங்க. மூணாவது அடியில் சாய்ஞ்சான். "எப்போதிருந்து தலைவலி?" என்று என்னைக் கேட்டாங்க. அவனை இல்லை. "முந்தாநாள்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, அவ்வளவுதான்.

மலை நோய்க்கு அங்கே சொரோச்சேன்னு பேர். 1590-லேயே ஹோசே தெ அகோஸ்தா என்ற பாதிரியார் பெரு மலையில் தனக்கு வந்த கடும் வாந்தியை எழுதி, காற்று மெலிஞ்சிருக்கிறதுதான் காரணம்னு சொல்லிட்டார். ஆனா என் நண்பனுக்கு வந்தது அதோட அடுத்த கட்டம், மூளை வீக்கம். தலைவலியோட நடை தள்ளாடினா, பேச்சு குழம்பினா உடனே கீழே இறக்கணும். காலை வரை பார்க்கலாம்னு படுக்க வைக்கிறதில் உயிர் போகும்.

மருத்துவமனையில் ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன் ஊசி. விடியும்போது ஒய்யான்டாய்டம்போவுக்கு, 600 மீட்டர் கீழே. வழியில் ஒரு மேடு ஏறித்தான் இறங்கணும் என்பதால் சிலிண்டரும் கூடவே வந்தது. சாயங்காலம் என் பேரைச் சரியாகச் சொன்னான். நான் வெளியே போய் அழுதுட்டு வந்தேன்.

அந்த மாணவிக்குச் சொன்னது இது. விமானத்தில் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேரா பள்ளத்தாக்குக்கு இறங்கிடுங்க. முதல் ரெண்டு ராத்திரி அங்கே. மது, தூக்க மாத்திரை வேண்டாம். அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம் ரெண்டு வேளை, முந்தின நாளே தொடங்கணும். ஆனா உங்க டாக்டர் பார்த்து எழுதணும், சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லுங்க. விரல் நுனி குறுகுறுக்கும், பயப்படாதீங்க. கோக்கா டீ குடிங்க, ஆனா அதை மருந்துன்னு நம்பி ஏறாதீங்க. அப்புறம், குழுவில் யாராவது "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு சொன்னா, போய்ச் சொல்லிடுங்க.

நாலாம் நாள் மத்தவங்களோட நானும் மச்சு பிச்சு போனேன். போன்னு அவன்தான் அனுப்பினான். மூணு ஜன்னல் கோயிலின் கல் இணைப்புகளை அவனுக்காக நாற்பது போட்டோ எடுத்தேன். ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பெரிசாக்கிப் பார்த்தான்.

"அங்க எவ்வளவு உயரம்டா?"

"2430."

"இங்க?"

"2790."

போனைக் கையில் கொடுத்துட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.