நோயில்லாதவனை அறுத்தவர்

பாஸ்டன்,
டிசம்பர்

அன்புள்ள மலர்,

எம்.சிஎச். யூராலஜி எடுக்கப்போகிறேன் என்றதும் உங்கள் ஆயா, "மூத்திர டாக்டராவா?" என்று முகம் சுளித்ததாக எழுதியிருந்தாய். கடிதத்தைப் படித்த மறுநாள் ஹண்டிங்டன் அவென்யூவில் ட்ராமைவிட்டு இறங்கி, பிரிகாம் ஆஸ்பத்திரியின் தூண் வைத்த பழைய கட்டடத்துக்கு எதிரே நின்றேன். விரல்கள் மரத்துப்போயின. ஆயாவுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

1954 டிசம்பர் 23. ரிச்சர்ட் ஹெரிக் என்ற 23 வயதுப் பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கூடப்பிறந்தவன் ரொனால்ட், அச்சில் வார்த்த இரட்டை. ஒருவன் தோலை மற்றவனுக்கு ஒட்டி, உடம்பு தள்ளவில்லை என்று பார்த்துக்கொண்டுதான், ரொனால்டின் சிறுநீரகம் ஒன்றை ரிச்சர்டுக்கு வைக்க டாக்டர்கள் துணிந்தார்கள். சிறுநீரகத்தைப் பொருத்தியவர் ஜோசப் முர்ரே. 1990இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பக்கத்து அறையில் ரொனால்டிடமிருந்து அந்தச் சிறுநீரகத்தை எடுத்துக் கொடுத்தவர் ஹார்ட்வெல் ஹாரிசன். அவர் யூராலஜிஸ்ட். இங்கே நான் விசாரித்த நாலைந்து பேருக்கு அவர் பெயரே தெரியவில்லை.

எனக்கு மனசு அவரிடம்தான் நிற்கிறது. நோயாளியை அறுக்க டாக்டருக்கு நோயே அனுமதி தருகிறது. ரொனால்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் காணப்போவது வலியும் தழும்பும்தான். அதோடு, எடுப்பது ஒன்றும் லேசான வேலை இல்லையே. தமனியும் சிரையும் தைக்கத் தோதான நீளத்தில் வரவேண்டும். சிறுநீர்க்குழாயைச் சுற்றிய கொழுப்பை அதிகம் வழித்துவிட்டால் ரத்தம் எட்டாமல் குழாயின் நுனி செத்துவிடும். அவசரப்படக் கூடாது, ஆனால் ரத்தக்குழாயை அறுத்த பிறகு தாமதிக்கவும் கூடாது.

முர்ரே பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம். ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி தன் உடம்புக்குப் பொறுப்பேற்குமா என்று ரொனால்ட் கேட்டானாம். இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார் ஹாரிசன். சொன்ன கையோடு திருப்பிக் கேட்டார்: உனக்கு ஒன்று என்றால், இந்த அறையில் இருக்கிற யாராவது பார்க்கமாட்டேன் என்பார்களா? ரொனால்டுக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட முடியாத இடத்தில் ஹாரிசன் தன் வார்த்தையை வைத்தார்.

ரத்தம் பாய்ந்ததும் புதுச் சிறுநீரகம் சிவந்தது. சிறுநீர் கொட்டிய வேகத்தில் தரையைத் துடைக்க வேண்டியிருந்ததாம். ரிச்சர்ட் தன்னைக் கவனித்த நர்ஸையே மணந்து எட்டு வருஷம் வாழ்ந்தான். ரொனால்ட் கணக்கு வாத்தியாராகி, ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை இருந்தார். நீ படிக்கிற வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியாக நடந்தபோது, நம் நாட்டுக்கு அதுதான் முதல்.

போன வருஷம் இங்கே என் நண்பர் தன் தங்கைக்குச் சிறுநீரகம் கொடுத்தார். தங்கையின் அறையில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. இவர் அறையில் நான் மட்டும். இரவு ஒன்பது மணிக்கு யூராலஜிஸ்ட் தனியாக வந்தார். கட்டிலோரம் குனிந்து, தொங்கிய பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தார். மிச்சமிருந்த ஒரு சிறுநீரகம் சுரந்தது அது. அந்த மஞ்சள் நீரைப் பார்த்து அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பதை ஆயாவிடம் சொல்.

அன்புடன்,
மாமா